பழைய ரோமானியப் பொம்மைப் படை: பெயரைப் பார்க்கும் முன் பிளாஸ்டிக்கைப் பாருங்கள்

கேள்வி இது: "1960கள், 70களில் வந்த பிளாஸ்டிக் ரோமானியப் படைவீரர், கிளாடியேட்டர் (அரங்கில் சண்டை போடும் வீரர்) பொம்மைகளைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். எந்தக் கம்பெனியில் தொடங்குவது? அசல் எது, பிற்பாடு வார்த்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிளாடியேட்டர்கள் மட்டும் ஏன் அவ்வளவாகக் கிடைப்பதில்லை? வண்ணம் உதிர்ந்ததற்கு மறுபடி பூசலாமா?"

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இந்தப் பொம்மைகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனிப் பெயரைத்தான் தேடுகிறார்கள். மார்க்ஸ் வேண்டும், எலாஸ்டோலின் வேண்டும், டிம்போ வேண்டும் என்று பட்டியல் போடுகிறார்கள். நான் பிளாஸ்டிக்கிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு வீரனைக் கையில் எடுத்ததும் அவன் எந்த பிளாஸ்டிக்கால் ஆனவன் என்று சொல்லத் தெரிந்துவிட்டால் போதும். எந்த நாட்டில் செய்தது, அசலா நகலா, எந்த இடத்தில் உடையும், எதைக் கொண்டு துடைக்கலாம் என்பதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

உங்கள் கைக்கு வரப்போவதில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று பாலிஎத்திலீன். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் வாளி, குடம் எல்லாம் இந்த இனம்தான். தொட்டால் மெழுகு போல வழுக்கும், வாளை வளைத்தால் வளையும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். இன்னொன்று பாலிஸ்டைரீன். இது கெட்டி. மேசையில் வைத்தால் 'டக்' என்று சத்தம் கேட்கும், வளைத்தால் முறிந்துவிடும், தண்ணீரில் மூழ்கும். (கையால் வண்ணம் பூசிய பொம்மையைத் தண்ணீரில் போட்டுச் சோதிக்காதீர்கள். அதற்குச் சத்தமும் கனமுமே போதும்.)

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாலிஎத்திலீனில் வண்ணம் ஒட்டாது. பூசலாம், காயும், ஆனால் குழந்தை இரண்டு முறை வளைத்து விளையாடினால் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். ரோமானிய வீரன் என்றால் சிவப்பு அங்கி, வெள்ளி நிறக் கவசம், பொன்னிறத் தலைக்கவசம் எல்லாம் வேண்டும். வண்ணம் இல்லாவிட்டால் பாதி அழகு போய்விடும். இந்த ஒரு சிக்கலை மூன்று நாட்டுக் கம்பெனிகள் மூன்று விதமாகத் தீர்த்தன. அமெரிக்காவில் வண்ணமே வேண்டாம் என்று ஒரே நிறத்தில் வார்த்தார்கள். ஜெர்மனியில் கெட்டி பிளாஸ்டிக்கில் வார்த்து ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் பூசினார்கள். பிரிட்டனில் வெவ்வேறு நிற பிளாஸ்டிக்கையே ஒன்றன் மேல் ஒன்றாக அச்சுக்குள் செலுத்தினார்கள். இந்த மூன்று வழிகளும் புரிந்துவிட்டால், பழைய ரோமானியப் பொம்மைகளில் பெரும்பகுதி உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கொஞ்சம் முன்கதையும் வேண்டும். பொம்மை வீரன் என்றால் முதலில் ஈயம்தான். 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே வெற்றிடம் விட்டு ஈயத்தை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. அவர்களுடைய 54 மில்லிமீட்டர் உயரம்தான் பின்னால் பிளாஸ்டிக்குக்கும் பொது அளவாக ஆனது. அமெரிக்காவில் பீட்டன் கம்பெனி 1938 வாக்கிலேயே பிளாஸ்டிக் வீரர்களைக் கொண்டுவந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊசிமுறை வார்ப்பு, அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்துவது, மலிவானது. ஈயத்தின் நச்சைப் பற்றிய கவலையும் வளர்ந்தது. 1966இல் பிரிட்டன்ஸே ஈய வீரர்களை நிறுத்திக்கொண்டது. சரியாக இந்த மாற்றம் நடந்த காலத்தில்தான் ஹாலிவுட்டும் இத்தாலியப் படக் கம்பெனிகளும் ரோமானியப் படங்களாக எடுத்துத் தள்ளின. சினிமா தியேட்டரில் தேர்ப்பந்தயம் பார்த்துவிட்டு வந்த பையன் கடையில் கேட்டது ரோமானிய வீரனைத்தான்.

இப்போது மார்க்ஸ். லூயிஸ் மார்க்ஸ் 1919இல் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி இது. 1955 டிசம்பரில் டைம் இதழ் அவருடைய படத்தை அட்டையில் போடும் அளவுக்கு அமெரிக்கப் பொம்மை உலகத்தின் ராஜாவாக இருந்தார். மேற்கு வர்ஜீனியாவின் க்ளென் டேல் தொழிற்சாலையில் இருந்து வந்த 'பிளேசெட்'கள்தான் இவர்களின் பெருமை. ஒரு பெரிய அட்டைப்பெட்டி, உள்ளே அச்சிட்ட தகரச் சுவர்கள், கூடவே பை பையாக வீரர்கள். 1959இல் பென்-ஹர் படம் வந்தபோது அதே பெயரில் உரிமம் வாங்கி ஒரு பிளேசெட் போட்டார்கள். தகரத்தில் அச்சிட்ட அரங்கம், தேர்கள், குதிரைகள், லெஜியன் (ரோமானியப் படைப்பிரிவு) வீரர்கள், கிளாடியேட்டர்கள் எல்லாம் அதில் உண்டு. வீரர்கள் 54 மில்லிமீட்டர், மென்பிளாஸ்டிக் (அதாவது பாலிஎத்திலீன்), ஒரே நிறம், வண்ணம் கிடையாது.

வண்ணம் இல்லையே என்று ஒதுக்கிவிடாதீர்கள். மார்க்ஸ் சிற்பிகளின் வேலையை வண்ணம் மறைக்காமல் பார்க்க முடிகிறது என்பதுதான் இதன் சிறப்பு. பொம்மையை மேசை விளக்கின் கீழே சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அங்கியின் மடிப்பு, முழங்கால் எலும்பின் மேடு, செருப்பு வார்கள் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். ஒரே நிறம் என்பதால் கண் அந்த வடிவத்திலேயே நிற்கிறது. இதே மார்க்ஸ் 1960களில் ஹாங்காங்கில் வண்ணம் பூசிய 'வாரியர்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்' வரிசையையும் விற்றது. ஆளுக்கொரு சிறு பெட்டி, கூடவே அந்த வீரனைப் பற்றி ஒரு அட்டை. ரோமானியர்களும் அதில் இருந்தார்கள். அட்டையோடும் பெட்டியோடும் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அட்டை இல்லாவிட்டால் அது வண்ணம் உதிரப் பார்க்கும் இன்னொரு மென்பிளாஸ்டிக் வீரன், அவ்வளவுதான்.

மார்க்ஸ் கம்பெனி 1972இல் குவாக்கர் ஓட்ஸ் கைக்கு மாறியது, 1976இல் பிரிட்டனின் டன்பி-காம்பெக்ஸ் வாங்கியது, 1980இல் திவாலானது. இந்த வரலாறு உங்களுக்கு ஏன் தேவை என்றால், கம்பெனி போனாலும் எஃகு அச்சுகள் போகவில்லை. அவை பல கைகள் மாறின. பழைய மார்க்ஸ் அச்சுகளிலேயே பிற்காலத்தில் வார்த்த வீரர்கள் சந்தையில் நிறைய. அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அடுத்து ஜெர்மனி. என் மனதுக்கு மிக நெருக்கமான வரிசை இது. ஹவுசர் சகோதரர்கள் 1904இல் தொடங்கி, பின்னால் கோபுர்க் பக்கத்தில் உள்ள நொய்ஸ்டாட் ஊருக்குக் குடிபெயர்ந்த கம்பெனி. எலாஸ்டோலின் என்பது அவர்களின் வணிகப் பெயர். முதலில் மரத்தூள், களிமண், பசை கலந்த கலவையைக் கம்பிச் சட்டத்தின் மேல் அச்சில் அழுத்திச் செய்தார்கள். 1950களின் நடுவிலிருந்து கெட்டி பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 7 சென்டிமீட்டர், 4 சென்டிமீட்டர் என்று இரண்டு அளவு. ரோமானிய வரிசையில் நடைபோடும் லெஜியன் வீரர், கொடி தாங்கி, ஊதுகொம்பு வாசிப்பவர், குதிரைவீரர், நாலு குதிரை பூட்டிய தேர் என்று ஒரு முழு உலகமே இருக்கிறது.

ஒரு 7 சென்டிமீட்டர் வீரனை எடுத்து முகத்தைப் பாருங்கள். புருவம் ஒரு கோடு, கண்ணின் வெள்ளை தனி, கருவிழி தனி, கன்னத்தில் லேசான சிவப்பு. அச்சில் வந்தது இல்லை இது. ஒருவர் தூரிகையால் போட்டது. அதனால் ஒரே அச்சில் வந்த இரண்டு வீரர்களின் முகமும் ஒன்றாக இருக்காது. ஒருவன் கோபமாக இருப்பான், இன்னொருவன் களைத்துப்போய் இருப்பான். அச்சு அப்படியே இருக்க, வருடங்கள் போகப்போக வண்ணம் பூசும் பாணியும் மாறியிருக்கிறது. பழகிய சேகரிப்பாளர்கள் முகத்தையும் கவசத்தின் நிழலையும் பார்த்தே முந்தையதா பிந்தையதா என்று பிரிப்பார்கள். இதைப் படத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஒரே வீரனில் மூன்று நாலு பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஹவுசர் 1983இல் மூடப்பட்டது. அச்சுகளை ப்ரைசர் என்ற இன்னொரு ஜெர்மானிய நிறுவனம் எடுத்துக்கொண்டு தொடர்ந்து தயாரித்தது. ப்ரைசர் தயாரிப்பு போலி இல்லை, தரமானதுதான். ஆனால் ஹவுசர் காலத்து விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. விற்பவர் வெறுமனே 'எலாஸ்டோலின்' என்று மட்டும் எழுதியிருந்தால், வீரன் நிற்கும் அடித்தட்டின் கீழ்ப்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது வழி டிம்போ. நீங்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. 1938இல் பொம்மை இறக்குமதிக் கம்பெனியாகத் தொடங்கி, ஸ்காட்லாந்தின் ஷாட்ஸ் ஊரில் தொழிற்சாலை வைத்திருந்தார்கள். 1960களில் இவர்கள் கொண்டுவந்த முறையில் தூரிகைக்கு வேலையே இல்லை. முதலில் தோல் நிறத்தில் ஒரு பாகத்தை வார்ப்பார்கள். அதை இன்னொரு அச்சில் வைத்து அடுத்த நிறத்தைச் செலுத்துவார்கள். அது முதல் பாகத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் தேவைப்பட்டால் இன்னொரு நிறம். வண்ணம் பூசாததால் உதிர்வதற்கு எதுவும் இல்லை. நிறங்கள் சந்திக்கும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோடு கத்தியால் வெட்டியது போல் துல்லியமாக இருக்கும். சில வார்ப்புகளில் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் துளி கசிந்திருக்கும். இரண்டுமே அசல்தான், கசிவைக் குறையாக நினைக்காதீர்கள்.

டிம்போ ரோமானியர்களைத் தலை, உடல், கால் என்று கழற்றி மாட்டலாம். குழந்தைகளுக்கு இது கொண்டாட்டம். சேகரிப்பவருக்குத்தான் இதில் வேலை அதிகம். 50 வருடம் குழந்தைகள் கையிலும் வியாபாரிகள் கையிலும் மாறி மாறி வந்த வீரனுக்கு, பிறந்தபோது இருந்த தலையே இப்போதும் இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எந்த உடலுக்கு எந்தக் கால், எந்த நிறக் கவசம் என்ற சேர்க்கைகளைக் கம்பெனியின் பழைய விலைப்பட்டியல் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையில் மாட்டும் வாளும் ஈட்டியும் கேடயமும் தனித்தனிப் பாகங்கள். முதலில் தொலைவது அவைதான். ஆயுதம் இல்லாத வீரன் மலிவாகக் கிடைப்பான். தனியாக ஆயுதம் தேடப் போனால் அந்த மலிவு கையைக் கடிக்கும். ஆயுதத்தோடு, கேடயத்தோடு, அடித்தட்டோடு இருக்கும் வீரனையே வாங்குங்கள், பத்துக்குப் பதில் மூன்றுதான் வாங்க முடிந்தாலும் சரி.

டிம்போவில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. வண்ணம் உதிரும் கவலை இல்லாததால் கையில் எடுத்துப் பார்த்து, கழற்றி மாட்டிப் பழகலாம். கண்ணும் விரலும் பழகுவதற்கு இது நல்ல பாடசாலை. எலாஸ்டோலினை அப்படித் தொட்டுத் தொட்டுப் பழக முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸின் பெரிகூ நகரத்து ஸ்டார்லக்ஸும் கெட்டி பிளாஸ்டிக், கைவண்ணம் வகைதான், ரோமானியர்கள் உண்டு. இத்தாலியின் ட்ரெவிலியோவில் இருந்த அட்லாண்டிக் 1970களின் பிற்பகுதியில் எகிப்தியர், கிரேக்கர், ரோமானியர் என்று பண்டைக்கால வரிசையைச் சிறிய, பெரிய என இரண்டு அளவிலும் போட்டது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1:72 அளவு ரோமானியர், பண்டைய பிரிட்டானியர் செட்கள் 1960களின் பிற்பகுதியில் வந்தன. இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைந்த உயரம், மென்பிளாஸ்டிக். அந்த ரோமானியர் செட்டில் ஒரு தேரும் இருக்கும். ரோமானியர்கள் தேரைப் பந்தயத்துக்கும் வெற்றி ஊர்வலத்துக்கும் பயன்படுத்தினார்களே தவிர, போர்க்களத்துக்குக் கொண்டுபோகவில்லை. எனவே படையை வரிசையாக நிறுத்தும்போது தேரைத் தனியாக வைத்துவிடுங்கள். அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்களின் பின்பக்கத்தில் வந்த '132 ரோமானிய வீரர்கள்' விளம்பரத்தைப் பலர் கேட்கிறார்கள். ரஸ் ஹீத் வரைந்த அந்தப் படம் பிரமாதமானது. பெட்டியில் வந்த வீரர்கள் தட்டையான, சின்ன உருவங்கள். பெட்டியும் விளம்பரத் தாளும் சேர்ந்து கிடைத்தால் ஆவணமாக வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பிரிட்டன்ஸின் ஹெரால்ட் வரிசையில் சிற்பி ராய் செல்வின்-ஸ்மித் வடித்த, பழைய கிரேக்கக் கதையில் வரும் ட்ராய் போர் வீரர்கள் உண்டு. அழகான வேலை. ஆனால் அவர்கள் ரோமானியர்களும் இல்லை, கிளாடியேட்டர்களும் இல்லை. குதிரைமயிர்க் கொண்டையும் வட்டக் கேடயமும் பார்த்துவிட்டு விற்பவர்கள் 'ரோமன்' என்று எழுதிவிடுகிறார்கள். பிடித்திருந்தால் ட்ராய் வீரன் என்றே வாங்குங்கள்.

அசல், மறுவார்ப்பு, நகல் என்று மூன்று இருக்கிறது. இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பழைய அச்சிலேயே பின்னால் வார்த்தது மறுவார்ப்பு. பொம்மையையே வைத்துப் புதிதாக அச்சு எடுத்து வார்த்தது நகல். நகலைப் பிடிக்க அளவுகோல் போதும். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அசல் பொம்மை ஏற்கெனவே ஒரு முறை சுருங்கியது. அதிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால் இன்னொரு முறை சுருங்கும். பாலிஎத்திலீன் நூற்றுக்கு 2, 3 பங்கு சுருங்கக்கூடியது என்பதால் 54 மில்லிமீட்டர் வீரனில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே குறையும். அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு வீரனைப் பக்கத்தில் நிறுத்தி வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். உயரம் மட்டும் போதாது; அடித்தட்டின் நீளத்தையும் அளங்கள், ஏனென்றால் வளைந்த கால் உயரத்தைக் குறைத்துக் காட்டும். நகலில் இன்னொரு அடையாளம் முகம். மூக்கு மழுங்கி, கண் வெறும் குழியாக இருக்கும். ஹாங்காங் நகல்களில் பெரும்பாலும் அடித்தட்டுக்குக் கீழே ஊர்ப் பெயர் இருக்கும். அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தால் சொரசொரப்பு விரலுக்குத் தட்டுப்படும்.

மறுவார்ப்பைப் பிடிப்பது இதைவிடக் கடினம், ஏனென்றால் அளவு மாறாது. மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று நிறம்: அந்தக் கம்பெனி அந்த செட்டுக்குப் பயன்படுத்தாத நிறம் என்றால் சந்தேகப்படுங்கள். இரண்டு, அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் துருத்தும் மெல்லிய பிசிர். தேய்ந்த பழைய அச்சில் வார்த்தால் இந்தப் பிசிர் அதிகமாக இருக்கும், அக்குளிலும் கால் இடுக்கிலும் பாருங்கள். மூன்று, மேற்பரப்பு. பல பத்தாண்டுகள் கை பட்ட பிளாஸ்டிக்கின் மினுக்கம் மேடான இடங்களில் மட்டும் இருக்கும். தோள், தலைக்கவசத்தின் உச்சி, கேடய விளிம்பு. புதிய வார்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பளபளக்கும். மறுவார்ப்பு வாங்குவதில் தப்பே இல்லை. உடையக்கூடிய அசலை அலமாரியில் வைத்துவிட்டு மறுவார்ப்பைக் குழந்தைகளிடம் கொடுக்கலாம். மறுவார்ப்பு என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்கவேண்டும் என்பதுதான் விஷயம்.

இப்போது கிளாடியேட்டர்கள். ஏன் குறைவு? படை என்றால் ஒரு பையனுக்கு இருபது லெஜியன் வீரர் வேண்டும், முப்பது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். கிளாடியேட்டர் என்றால் இரண்டு பேர் சண்டை போட்டால் ஆட்டம் நடந்துவிடும். அதனால் ஒரு அச்சில் கிளாடியேட்டருக்கு இடம் ஒதுக்குவது கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை. பென்-ஹர் போன்ற அரங்க செட்களில் மட்டும்தான் அவர்களுக்கு நியாயமான இடம் கிடைத்தது. செட் உடைந்து சிதறும்போது லெஜியன் வீரர்கள் மற்றப் படைகளோடு கலந்து பிழைத்துக்கொண்டார்கள், கிளாடியேட்டர்கள் சேர இடம் இல்லாமல் தொலைந்தார்கள். அதோடு அவர்களின் ஆயுதமும் மெலிசு. திரிசூலத்தின் மூன்று முனையும் ஒடியாமல் இருக்கும் வலைவீரன் (வலையும் சூலமும் ஏந்திய கிளாடியேட்டர்) கிடைத்தால் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் விடாதீர்கள்.

வாங்கும்போது எந்த வகைக் கிளாடியேட்டர் என்று தெரிந்து வாங்கினால் சேர்க்கும் சுகமே வேறு. வலை, திரிசூலம், தலைக்கவசம் இல்லாத வெறுந்தலை என்றால் ரெட்டியாரியஸ். முட்டை போல வழுவழுப்பான தலைக்கவசம், கண்ணுக்கு இரண்டு சிறு ஓட்டைகள் மட்டும் என்றால் செக்கியூட்டர். அந்தக் கவசம் அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு: எதிராளியின் வலை மாட்டிக்கொள்ள விளிம்போ கொண்டையோ இருக்கக் கூடாது, சூல முனை உள்ளே நுழைய இடம் இருக்கக் கூடாது. அகலமான விளிம்பும் உயர்ந்த கொண்டையும் உள்ள தலைக்கவசம், பெரிய செவ்வகக் கேடயம் என்றால் மூர்மில்லோ. சின்னக் கேடயம், வளைந்த குறுவாள் என்றால் த்ரேக்ஸ். பொம்மைக் கம்பெனிகள் இவர்களைத் தாறுமாறாக ஜோடி சேர்த்தன. உண்மையான ஜோடிகளில் பிரபலமானது வலைவீரனும் செக்கியூட்டரும்தான்.

அந்த ஜோடியைப் பார்க்க இங்கிலாந்தின் கோல்செஸ்டர் அருங்காட்சியகத்தில் ஒரு மண்கலயம் இருக்கிறது, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் மெம்னான் என்ற செக்கியூட்டர் கேடயத்தோடு முன்னேறி வருகிறான். எதிரே வாலன்டினஸ் என்ற வலைவீரனின் சூலம் கீழே விழுந்து கிடக்கிறது, அவன் விரலை உயர்த்தித் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். பெயர்கள் கலயத்திலேயே பொறித்திருக்கின்றன. மெம்னானுக்கு ஒன்பது வெற்றி என்ற கணக்கும் கூடவே இருக்கிறது. ரோமானியர்கள் கிளாடியேட்டர் உருவங்களைச் சுடுமண்ணில் சிறு பொம்மைகளாகவும் செய்து வைத்துக்கொண்டார்கள். நாம் சேர்ப்பது அவர்களே தொடங்கிவைத்த ஒரு பழக்கத்தின் பிளாஸ்டிக் காலம் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கும்.

லெஜியன் வீரர்களுக்கும் இந்தக் கண் வேண்டும். ஏறக்குறைய எல்லாப் பொம்மைகளும் போட்டிருப்பது பட்டை பட்டையாக இரும்புத் தகடு அடுக்கிய மார்புக் கவசம். ரோமில் கி.பி. 113இல் எழுப்பிய ட்ராஜன் தூணில் செதுக்கியிருக்கும் வீரர்களின் தோற்றம் அது. அந்தக் கவசம் முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தை ஒட்டித்தான் வருகிறது, கி.பி. 9இல் மூன்று லெஜியன்கள் அழிந்த போர்க்களம் என்று கருதப்படும் ஜெர்மனியின் கால்க்ரீஸ் மண்ணில் அதன் பாகங்கள் கிடைத்திருக்கின்றன. ஜூலியஸ் சீசர் கி.மு. 44லேயே இறந்துவிட்டார். அவருடைய ஆட்கள் அணிந்தது வளையங்கள் கோத்த சங்கிலிக் கவசம். சீசர் படை என்று தனியாக ஒரு தட்டு அமைக்க ஆசைப்பட்டால் சங்கிலிக் கவச வீரர்களாகப் பார்த்துப் பொறுக்குங்கள். குறைவாகத்தான் கிடைப்பார்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் வெயில் இவற்றுக்குப் பரம எதிரி. புற ஊதாக் கதிரும் சூடும் பாலிஎத்திலீனின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். வளைந்து கொடுத்த வாள் ஒரு நாள் தொட்டதும் பொடியாக உதிரும். அதைத் திருப்பிக் கொண்டுவர எந்த மருந்தும் கிடையாது. ஜன்னலுக்கு எதிரே அலமாரி வைக்காதீர்கள், மொட்டைமாடி அறையிலும் பரணிலும் வைக்கவே வைக்காதீர்கள். இரண்டாவது எதிரி பி.வி.சி. உறை. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் மெல்ல வெளியேறிப் பக்கத்தில் இருக்கும் கெட்டி பிளாஸ்டிக்கைத் தின்னும். எலாஸ்டோலின் வீரனின் முதுகு பிசுபிசுத்து வண்ணம் உறையோடு வந்துவிடும். அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். பை வேண்டும் என்றால் பாலிஎத்திலீன் பை.

மென்பிளாஸ்டிக் வீரனைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி சோப்பு, மிருதுவான பல்துலக்கி போதும். வண்ணம் பூசிய வீரனை உலர்ந்த தூரிகையால் தட்டுவதோடு நிறுத்துங்கள். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், கெட்டி பிளாஸ்டிக் கரைந்துவிடும். மென்பிளாஸ்டிக் ஈட்டி வளைந்திருந்தால் சூடான தண்ணீரில் சில விநாடி முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் பிடித்தால் அப்படியே நின்றுவிடும். இதை நன்றாக வளையும் வீரனிடம் மட்டும் செய்யுங்கள். ஏற்கெனவே மொறுமொறுப்பாகிவிட்டவனை நேராக்கப் போனால் ஒடிந்துவிடுவான். ஒடிந்த பாலிஎத்திலீனைச் சாதாரணப் பசை ஒட்டாது. மெல்லிய ஊசியால் இரு பக்கமும் துளையிட்டு உள்ளே ஒரு துண்டுக் கம்பி செருகுவதுதான் நிற்கும்.

எங்கே வாங்குவது? பிரிட்டனில் 1985இல் தொடங்கிய பிளாஸ்டிக் வாரியர் என்ற இதழைச் சுற்றி ஒரு பெரிய சேகரிப்பாளர் கூட்டம் இருக்கிறது, கண்காட்சியும் நடத்துகிறார்கள். அங்கே கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். இணைய ஏலத்தில் வாங்குவதானால் முன், பின், அடித்தட்டின் கீழ் என்று மூன்று படம் கேளுங்கள், கூடவே "வாள் வளைகிறதா?" என்று ஒரு கேள்வி. வளைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் அதுவே பதில். தபால் செலவும் சுங்க வரியும் பொம்மை விலையைத் தாண்டிவிடுவது சாதாரணம், அதனால் ஒன்றிரண்டாக வாங்காமல் ஒரே ஆளிடம் சேர்த்து வாங்குங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன்: வண்ணம் உதிர்ந்ததற்கு மறுபடி பூசலாமா? எலாஸ்டோலின், ஸ்டார்லக்ஸ் என்றால் கூடாது, முகத்தில் பாதி போயிருந்தாலும் கூடாது. அந்தத் தூரிகைக் கோடுதான் அந்தப் பொம்மையின் மதிப்பு. மார்க்ஸ் பென்-ஹர் வீரர்கள் வண்ணம் இல்லாமல் பிறந்தவர்கள், அப்படியே இருக்கட்டும். யாராவது வீட்டில் பூசிய வண்ணத்தோடு அவர்கள் வந்தால், முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவிட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீனில் வண்ணம் ஒட்டாது என்ற குணம் இங்கே உங்களுக்கு உதவும், பெரும்பாலும் நகத்தாலேயே உரிந்து வரும். டிம்போவுக்கு வண்ணம் என்ற பேச்சே இல்லை. மீதி இருப்பது ஹாங்காங் நகல்களும் மறுவார்ப்புகளும். அவற்றில் தாராளமாகப் பூசுங்கள். நன்றாகக் கழுவி எண்ணெய்ப் பசை போக்கி, பிளாஸ்டிக்குக்கான ப்ரைமர் ஒரு கை அடித்து, வளையக்கூடிய அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசினால் உதிர்வது குறையும். அடித்தட்டின் கீழே பூசிய வருடத்தையும் 'மறுவண்ணம்' என்ற சொல்லையும் சிறிதாக எழுதிவிடுங்கள், பின்னால் வாங்குகிறவருக்குக் குழப்பம் இருக்காது.